கம்பியைக் காத்த பெட்டி

மின்சாரம் நம் பேச்சுவழக்குக்குத் தந்த சொற்களுள் 'ஃப்யூஸ்' அளவுக்கு நிலைபெற்ற சொல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. பாடநூல்கள் அதற்கு 'உருகி' என்று பெயரிட்டன; செய்யும் செயலையே பெயராகக் கொண்ட நல்ல தமிழ்ச்சொல். ஆயினும் தெருவில் அது 'பீஸ்' ஆகிவிட்டது. வீட்டில் விளக்கணைந்தால் 'பீஸ் போச்சு' என்கிறோம். செல்வாக்கிழந்த மனிதரைப் 'பீஸ் போன பல்பு' என்கிறோம். கட்டணம் கட்டாத வீட்டில் மின்வாரியத்தார் 'பீஸைப் பிடுங்கிக்கொண்டு' போனதாகச் சொல்கிறோம். மின்தடைப் புகாரைக் கொண்டுசெல்லும் இடத்துக்கும் 'பீஸ் கால் ஆபீஸ்' என்றே பெயர்.

அச்சொல் இவ்வளவு தூரம் வீட்டுக்குள் புழங்கியதற்குக் காரணம், அப்பொருளிடத்தில் வீட்டாருக்கு ஒரு வேலை இருந்தது என்பதே. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மெயின் சுவிட்சை இறக்கி, பீங்கான் கட்டையைப் பிடுங்கி, கருகிய இழையை அகற்றி, புது இழையைச் சுற்றித் திருகாணியை முடுக்கத் தெரிந்தவர் வீட்டுக்கொருவர் இருந்தார். இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் இருந்தார். அந்தக் கட்டைகளும், அவற்றைத் தாங்கிய மரப்பலகையும், இரும்புப் பெட்டியும் இன்று சென்னையின் பழைய வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருக்கின்றன. பெருங்குடி போன்ற பகுதிகளில் இம்மாற்றம் கண்கூடு.

ஒரு வீட்டின் மின்பெட்டியை மாற்றுவதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கத் தோன்றலாம். எதைக் காக்க வேண்டும் என்று ஒரு காலம் கருதியதோ, அதை அக்காலத்துப் பெட்டி நமக்குச் சொல்லிவிடுகிறது. நம் பழைய பெட்டிகள் கம்பியையும் கட்டடத்தையும் காப்பதற்காகச் செய்யப்பட்டவை. மனிதரைக் காக்கும் கருவி மிகப் பிந்தியே பிறந்தது. நம் வீடுகள் பலவற்றுக்கு அது இன்னும் வந்துசேரவில்லை. இக்கட்டுரை சொல்ல வருவது இதுவே.

உருகியின் கதை மின்விளக்குக்கும் முந்தியது. 1847இல் பிரெஞ்சு நாட்டின் பிரெகே, தந்தி நிலையங்களை இடியிலிருந்து காக்க, கம்பி வழியில் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய கம்பியை வைக்கலாம் என்று கூறினார். இடி பாய்ந்தால் மெல்லிய கம்பி முதலில் அழியும். விலையுயர்ந்த கருவி பிழைக்கும். எடிசன் 1890இல் உருகிக்குக் காப்புரிமை பெற்றபோது அதே தத்துவம் விளக்குகளின் உலகுக்கு முறையாக வந்துசேர்ந்தது. இதற்கிடையில், 1882இல் லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கம் மின்கம்பி பதிப்பதற்கான முதல் விதிகளை வெளியிட்டிருந்தது. அவ்விதிகளின் தலைப்பே மின்விளக்கால் நேரும் தீ அபாயங்களைத் தடுப்பது பற்றியதாக இருந்தது. அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் என்னும் தீக்காப்பீட்டு நிறுவனத்துக்காக மஸ்கிரேவ் ஹீஃபி என்பவரும் விதிகளை வகுத்தார். மரத்தாலான வீடுகளும் ஆலைகளும் எரிந்துவிடுமோ என்னும் அச்சமே அன்று முன்னின்றது. கம்பியைத் தொட்ட மனிதர் என்னாவார் என்பது அவ்விதிகளின் மையமாக இருக்கவில்லை.

அந்த மரபுதான் கடல் கடந்து நம்மிடம் வந்தது. இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதலில் ஓடிய நகரம் சென்னை, ஆண்டு 1895. அடுத்த நூற்றாண்டின் முதற்பகுதியில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்னும் தனியார் நிறுவனம் பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் அமைத்து நகருக்கு மின்சாரம் வழங்கியது. 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் நீர்மின்சாரம் தரத் தொடங்கின. 1947இல் நகரின் மின்வழங்கலை அரசு ஏற்றுக்கொண்டது. 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் உருவானது. 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டமும், அதன்கீழ் வந்த 1956ஆம் ஆண்டு விதிகளும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் வீட்டுப் பலகைகளை ஆண்டன. வாரியம் 2010இல் பிரிக்கப்பட்டு, 2024இல் மீண்டும் சீரமைக்கப்பட்டு, இன்று மின்பகிர்மானம் தனிக் கழகத்திடம் இருக்கிறது. மக்கள் வாயில் அது இன்றும் 'ஈ.பி.'தான்.

அக்காலத்துப் பலகையை ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவருவோம். வாசலை ஒட்டியோ மாடிப்படியின் கீழோ ஒரு மரப்பலகை. அதன்மேல் வாரியம் முத்திரையிட்ட மீட்டரும் உருகிக் கட்டையும். அதற்கடுத்து, கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச். கடைக்காரர் மொழியில் 'ஐ.சி.டி.பி.'. பின்னர் வரிசையாக நிற்கும் வெள்ளைப் பீங்கான் கட்டைகள், மிட்டாயின் பெயரைத் தாங்கிய 'கிட்கேட்'கள். அங்கிருந்து தேக்குப் பட்டைமேல் ஓடும் கம்பிகள். பழையவற்றில் ரப்பர் உறை. அது வெப்பத்தில் காய்ந்து, தொட்டால் உதிரும். பின்னர் வந்தவை பி.வி.சி. உறையிட்டவை. செம்பு அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்த காலத்தில் வீட்டுக் கம்பிகளில் அலுமினியம் பரவலாயிற்று. அலுமினியத்தின் மேற்பரப்பில் ஆக்சைடு படியும், திருகாணியின் அழுத்தத்தில் அது மெல்ல நெகிழும், இணைப்பு தளரும். தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை உண்டானால், 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கும் மேல் வெப்பம் பிறக்கும். நகம் அளவு இடத்தில் எரியும் அவ்வெப்பத்தை எந்த உருகியும் அறியாது. ஓடும் மின்னோட்டம் வரம்புக்குள்தானே இருக்கிறது.

அப்பலகையில் இன்னொரு குறையும் ஒளிந்திருந்தது. பல வீடுகளில் ஃபேஸ் கம்பிக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு உருகிகள் வைத்தார்கள். நியூட்ரலில் தனி உருகியோ தனி சுவிட்சோ வைக்கலாகாது என்று 1956 விதிகளின் 32ஆம் விதி தடுத்திருந்தது. காரணம் எளியது. நியூட்ரல் உருகி போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் ஃபேஸ் கம்பி உயிரோடு இருக்கும். 'கரண்ட் இல்லை' என்று நம்பி ஒருவர் ஹோல்டருக்குள் கைவைப்பார். விதி தாளில் இருந்தது. இரட்டை உருகி சுவரில் இருந்தது.

இனிப் பெருங்குடிக்கு வருவோம். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலை. இரண்டுக்கும் இடையில் கிராமமாக இருந்து பேரூராட்சியாகி, 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. அண்டையிலுள்ள தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2007இல் பறக்கும் ரயில் பாதை வேளச்சேரி வரை நீண்டு பெருங்குடியின் பெயரில் ஒரு நிலையம் வந்தது. 2008இல் சாலை அகன்று தகவல் தொழில்நுட்ப விரைவுச்சாலை ஆயிற்று. ஓட்டு வீடுகளின் இடத்தில் மாடிகள் எழுந்தன. மாடிமேல் மாடி எழுந்தது. மேல்தளத்துக்கு வேண்டிய மின்சாரம் பல இடங்களில் கீழ்த்தளத்தின் பழைய பலகையிலிருந்தே இழுக்கப்பட்டது.

அக்கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். 1970களின் ஒரு வீட்டில் ஐந்து குண்டு பல்பு, இரண்டு மின்விசிறி, ஒரு வானொலி. எல்லாம் ஒருங்கே ஓடினாலும் 500 வாட் அளவுதான். 230 வோல்ட்டில் இரண்டு ஆம்பியரைச் சற்றே தாண்டும். இன்று அதே வீட்டில் இரண்டு குளிர்சாதனம், ஒரு கீசர், ஒரு மின்தூண்டல் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் சேர்ந்தால் 8000 வாட்டை எட்டும். ஏறத்தாழ 35 ஆம்பியர். சுமை பதினாறு மடங்கு. கம்பியில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டிப் பெருகுவது. ஆகவே அதே கம்பி 256 மடங்கு வெப்பத்தைத் தாங்க வேண்டும். செல்வந்தர் வீடுகளோடு இம்மாற்றம் நின்றுவிடவில்லை. 2006இல் தொடங்கிய இலவசத் தொலைக்காட்சித் திட்டமும், 2011இல் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் எளியவர் வீடுகளுக்கும் கருவிகளைக் கொண்டுசேர்த்தன. கருவிகள் வந்தன, பலகையையும் கம்பியையும் மாற்றித் தருவார் இல்லை.

சுமை மிகுந்தால் உருகி உருக வேண்டும். அதுதான் அதன் கடமை. ஆனால் அடிக்கடி உருகும் உருகி தொல்லையாகத் தோன்றியது. 5 ஆம்பியருக்குரிய இழை ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் பருமன். 15 ஆம்பியருக்குரியது 0.5. வீட்டில் அந்த இழை தீர்ந்துபோனால் மின்வயரைச் சீவி ஒரு செம்பிழையைச் சுற்றினார்கள், அதுவும் போனால் இரண்டு, பின்பு மூன்று. 'இனிமே போகாது' என்று சொல்லிக் கட்டையைச் செருகினார்கள். சொன்னது உண்மையாயிற்று; உருகி போகவில்லை, சுவருக்குள் இருந்த கம்பி கருகியது. முறையான இழையைப் போட்டாலும் இவ்வகை உருகி தன் அளவைப் போல் ஏறக்குறைய இருமடங்கு மின்னோட்டம் ஓடினால்தான் உருகும் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

வீட்டார் கைவைக்க முடியாத காப்பு வேண்டும் என்ற எண்ணத்துக்கு 1924இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் விடை கிடைத்தது. ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனத்தில் ஸ்டோட்ஸும் ஷாக்னரும் உருவாக்கிய சிறு துண்டிப்பான்தான் இன்று நாம் 'எம்.சி.பி.' என்பதன் முன்னோடி. இரு உலோகப் பட்டை சூடேறி வளைந்தால் மெல்லத் துண்டிக்கும். குறுக்குச்சுற்று நேர்ந்தால் மின்காந்தம் நொடியின் சிறு பகுதிக்குள் இழுத்துத் துண்டிக்கும். தன் அளவைப் போல் 1.45 மடங்கு மின்னோட்டம் நீடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் அது விழுந்தாக வேண்டும். இழை சுற்றும் வேலை அதில் இல்லை. ஆகவே ஏமாற்றும் வழியும் குறைவு. நம் நகரத்து நடுத்தர வீடுகளில் இது பரவலானது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

ஆயினும் எம்.சி.பி.யும் உருகியின் வாரிசே. அதுவும் கம்பியைத்தான் காக்கிறது. இதை நன்கு விளக்கும் கருவி நம் சமையலறையிலேயே இருக்கிறது. 1950களில் கோயம்புத்தூரில் உருவாகித் தமிழ்நாடெங்கும் பரவிய ஈரமாவு கிரைண்டரில் உலோக உடல் இருக்கிறது, நீர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. அதன் அருகில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒரு பெண் இருக்கிறாள். மோட்டாரின் காப்பு பழுதடைந்து மின்சாரம் உடலுக்குக் கசிகிறது என்று கொள்வோம். ஈரமான மனித உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம். 230 வோல்ட்டில் அவள் உடல்வழி ஓடுவது 230 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் கால் பங்குக்கும் குறைவு. உயிரைப் பறிக்க அதுவே மிகுதி. ஆனால் 5 ஆம்பியர் உருகிக்கு அது பொருட்டே இல்லை; ஒரு பல்பு எரிவதாகவே எண்ணும்.

எர்த் கம்பி இருந்தால் போதாதா என்று கேட்கலாம். முதலில், பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை. சுவரில் இருந்த பிளக் இரண்டு துளையுடையதாக இருந்ததால், மூன்றாவது முள்ளை வெட்டியெறிந்த வீடுகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். எர்த் இருக்கும் இடத்திலும் கணக்கு இடிக்கிறது. வீட்டின் எர்த் குழிக்கு 5 ஓம், மின்மாற்றியின் பக்கம் 5 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், பழுதான கருவியிலிருந்து மண்ணுக்கு ஓடுவது 23 ஆம்பியர். 15 ஆம்பியர் பீங்கான் உருகியோ 30 ஆம்பியரை நெருங்கினால்தான் உருகும். அது உருகாமல் இருக்கும்வரை கிரைண்டரின் உடல் ஆபத்தான மின்னழுத்தத்தோடே இருக்கும்.

மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று முறையாக அளந்தவர்களில் முதன்மையானவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் டால்சீல். பற்றிய கம்பியைத் தானே விட முடியாமல் தசைகள் இறுகும் எல்லை, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று அவர் ஆய்வுகள் காட்டின. அதே 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபினும், ஆஸ்திரியாவில் பீகல்மயரும் கசிவை உணர்ந்து துண்டிக்கும் கருவிகளை உருவாக்கினர். தத்துவம் அழகானது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும்; குறைந்தால், காணாமற்போன பகுதி வேறு வழியில், ஒருவேளை ஒரு மனித உடல்வழியே, மண்ணுக்குப் போகிறது. இன்று வீடுகளுக்கென வரும் 'ஆர்.சி.சி.பி.' 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டிலேயே நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். கசிவு மிகுந்தால் இன்னும் விரைவாக. 1847இலிருந்து எண்ணினால், கருவியைக் காக்கத் தொடங்கிய சிந்தனை மனிதரைக் காக்கும் இடத்துக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

நம் சட்டத்தில் அது நுழைந்த விதமும் கவனத்துக்குரியது. 1956 விதிகளில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட 61-ஏ என்னும் விதி கசிவுத் துண்டிப்பானைக் கேட்டது. 2010இல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று அளவும் குறித்தன. ஆனால் இரண்டும் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு இணைப்புகளை விட்டுவிட்டன. குளிர்சாதனம் உள்ள வீட்டுக்குக் காப்பு. ஈரத் தரையில் ஒற்றைக் கிரைண்டர் ஓடும் வீட்டுக்கு விலக்கு. ஆபத்தைச் சுமையால் அளந்ததன் விளைவு இது. பிந்திய திருத்தங்கள் சிறு வீடுகளை நோக்கி வந்துள்ளன என்றாலும், முன்பே இணைப்புப் பெற்ற பழைய வீட்டின் பலகையை யாரும் வந்து பார்ப்பதில்லை.

ஆகவே பெட்டியை மாற்றுவோர் எதை மாற்றுகிறோம் என்று அறிந்து மாற்ற வேண்டும். பீங்கான் கட்டைகளைக் கழற்றி அதே இடத்தில் எம்.சி.பி.க்களை வைத்துவிட்டுப் பழைய அலுமினியக் கம்பியை அப்படியே விட்டால், முகம் புதிது, நரம்பு பழையது. எம்.சி.பி.யின் அளவைச் சுவருக்குள் இருக்கும் கம்பியின் தாங்குதிறனை ஒட்டித்தான் தீர்மானிக்க வேண்டும். அடிக்கடி விழுகிறதே என்று 16க்குப் பதில் 32 வைப்பது, மூன்று செம்பிழை சுற்றிய அதே பழைய பழக்கத்தின் புது வடிவம். 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த கடும் மின்வெட்டுக் காலத்தில் வீடுகளுக்குள் நுழைந்த இன்வெர்ட்டரையும் மறத்தல் கூடாது. மெயினை இறக்கிய பின்னும் அதன் கம்பிகளில் மின்சாரம் இருக்கும். அதன் நியூட்ரலைக் கண்டபடி பிற சுற்றுகளோடு இணைத்திருந்தால், புதிய ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழும்.

இங்கேதான் பெரும்பாலான மாற்றங்கள் தோற்கின்றன. பழைய வீட்டில் நியூட்ரல்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். சுவரின் ஈரத்தில் கசிவு இருக்கும். புதுக் கருவி அதை உள்ளபடி சொல்கிறது. 'இந்த டிரிப்பர் சரியில்லை' என்று தீர்ப்பாகி, இரண்டாம் நாளே அதைத் தாண்டி நேரடியாகக் கம்பி கொடுக்கப்படுகிறது. பெட்டியில் கருவி அழகாக அமர்ந்திருக்கும், வேலை செய்யாது. சுற்றுகளைப் பிரித்து, நியூட்ரல்களைத் தனித்தனியாக்கி, பழுதான கருவியைக் கண்டுபிடிக்கும் பொறுமை வேண்டும். அதனால்தான் உரிமம் பெற்றவரைக் கொண்டு இவ்வேலையைச் செய்யச் சட்டம் கேட்கிறது. மீட்டரும் அதன் முத்திரையும் மின்கழகத்துக்கு உரியவை. அதற்கு முன்னுள்ள மின்சாரத்தை நிறுத்துவது அவர்கள் வேலை. சுமை கூடியிருந்தால் அதற்கும் விண்ணப்பித்தாக வேண்டும்.

பெருங்குடிக்கென்று இன்னொரு பாடமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் மழையிலும் சதுப்பை ஒட்டிய தெருக்களில் நீர் நின்றது. மூழ்கிய பகுதிகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. மாடிப்படியின் கீழே முழங்கால் உயரத்தில் பெட்டி வைத்த வீடுகளில் நீர் வடிந்த பின்னும் ஆபத்து வடியவில்லை. நீரில் மூழ்கிய எம்.சி.பி.யையோ ஆர்.சி.சி.பி.யையோ காயவைத்துப் பயன்படுத்தலாகாது. உள்ளே படிந்த சேறும் துருவும் அதன் பொறியை முடக்கிவிடும். பெட்டியை மாற்றுகிறவர் அதை மேலே உயர்த்தி வைப்பது இங்கே கூடுதல் செலவாகாது, தேவையே ஆகும்.

இவற்றுக்கெல்லாம் யார் பணம் தருவது என்பது கடைசிக் கேள்வி. விடுதி அறைகளும் வாடகைத் தளங்களும் மிகுந்த பெருங்குடியில் கருவிகள் குடியிருப்பவருடையவை, பெட்டி வீட்டுக்காரருடையது. 'நாளைக்குக் காலி பண்ணப் போகிறவன் நான் ஏன் மாற்ற வேண்டும்' என்பார் ஒருவர். 'என் காலத்தில் இதுவே போதுமாக இருந்தது' என்பார் மற்றவர். போதுமாக இருந்தது உண்மை; இரண்டு ஆம்பியர் காலத்துக்கு. கிரைண்டருக்கு அருகில் வெறுங்காலோடு நிற்பவர் இந்த வழக்கில் கேட்கப்படுவதே இல்லை.

உருகி போய்விட்டால் வீட்டார் கையிலிருந்த ஒரு சிறு கலையும் போய்விடும் என்று வருந்துவோர் உண்டு. புதிய பெட்டியும் ஒரே ஒரு வேலையை நமக்கென்று வைத்திருக்கிறது. ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் சோதனைக்கென ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் கருவி உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரப் பொருள் ஆகிவிட்டது என்று பொருள். உருகிக்குப் பேச்சுவழக்கில் இத்தனை சொற்களைத் தந்த தமிழ், இந்தக் கருவிக்கு இன்னும் ஒரு வீட்டுச்சொல்லைத் தரவில்லை. கை பழகினால் சொல் தானே வரும். அதுவரை, 'சும்மா சும்மா விழுது' என்று அதைத் திட்டுவதை மட்டுமேனும் நிறுத்திக்கொள்ளலாம். அது சும்மா விழுவதில்லை.